ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா? குமரி மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றிலிருந்து

வாங்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசிரியர்களுக்கு இவ்வளவு நீளமாகப் படிக்க எப்போதும் நேரம் கிடைப்பதில்லை. ஆனால் ஒன்று. வாங்கி அறிவியல் பீரோவுக்குள் பூட்டி வைத்து, ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் எடுத்து மேசையில் அடுக்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம், அந்தக் காசுக்கு நாலு கட்டு வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகள் அதிலாவது ஏதாவது செய்வார்கள்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். ஊர் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் என் வகுப்பில் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் உண்டு, கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் உண்டு, தோவாளையில் பூக்கட்டப் போகும் அம்மாவின் பிள்ளையும் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கருவியின் பலமே பிள்ளை வீட்டிலிருந்து எதைக் கொண்டு வருகிறது என்பதில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஃபோல்ட்ஸ்கோப் என்பது காகிதத்தை மடித்து நாமே செய்துகொள்ளும் நுண்ணோக்கி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய ஆய்வுக்கூடத்து மாணவர் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கியது. மனு பிரகாஷ் நம்ம நாட்டுக்காரர், மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். 2014இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பாகங்களுக்கான செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. நம் கைக்கு வரும்போது பெட்டி, கண்ணாடித் தகடு, இதர சாமான்கள் எல்லாம் சேர்ந்து விலை கூடத்தான் செய்யும், இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் சாதாரண நுண்ணோக்கி ஒன்றின் விலைக்கு இதில் பல வாங்கிவிடலாம். 2015இல் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையே அந்த ஆய்வுக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டு இதை இங்கே பள்ளி கல்லூரிகளுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தது.

காகிதம் என்றால் நோட்டுப் புத்தகக் காகிதம் இல்லை, தண்ணீர் பட்டால் ஊறாது, லேசில் கிழியாது. நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடிக் குண்டு, அதுதான் லென்ஸ். 140 மடங்கு பெரிதாக்குகிறது. குண்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு பெரிதாகக் காட்டும், விட்டத்தைப் பாதியாக்கினால் உருப்பெருக்கம் இரட்டிப்பாகும், இதை எட்டாம் வகுப்பில் சொன்னால் "எதிர்விகிதம்!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருங்கள், வரும். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி இப்படி ஒற்றை லென்ஸை வைத்துத்தான் தண்ணீருக்குள் நீந்துகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்த்தார். பட்டம் வாங்கின விஞ்ஞானி இல்லை, கடைக்காரர். பிள்ளைகளிடம் இந்த ஒன்றைச் சொல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மடிப்பதிலிருந்தே பாடம் தொடங்கிவிடுகிறது. வண்ணங்களைப் பொருத்தி, துளைக்குள் காகித நாக்கைச் செருகி, திருப்பி மடித்து... பழகிய கைக்குப் பத்து நிமிடம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பீரியட் முழுதும் போகும், சிலருக்கு அதுவும் போதாது. போகட்டும். அவசரப்பட்டு நீங்கள் மடித்துக் கொடுத்துவிட்டால் அது "டீச்சரோட மைக்ரோஸ்கோப்" ஆகிவிடும், அப்புறம் பிள்ளை தொடவே பயப்படும். தானே மடித்தது என்றால் கோணலாக இருந்தாலும் பிரித்து மறுபடி மடிக்கும், எங்கே தப்பு என்று தானே தேடும். கணக்கில் தடுமாறுகிற ஒரு பெண் எங்கள் வகுப்பில் முதல் ஆளாக மடித்து முடித்து, அடுத்த பெஞ்சுக்கு எழுந்து போய் "மக்கா, அந்த மஞ்சளை உள்ள விடு, வெளிய விடாத" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை அதுவரை யாரும் எதற்கும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? புத்தகத்தில் இருப்பது வெங்காயத் தோல். அதையும் பார்த்தோம், பார்க்க வேண்டியதுதான். உரித்த மெல்லிய தோலில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கட்டம் கட்டமாகச் செல்கள் வந்து நிற்கும், உட்கருவும் புள்ளியாகத் தெரியும். ஆனால் பிள்ளைகள் உடனே கேட்ட கேள்வி, "புக்குல கலர் கலரா போட்டிருக்கே டீச்சர், இங்க ஒண்ணையும் காணோமே?" நல்ல கேள்வி. புத்தகப் படம் பலர் பலவிதமாகப் பார்த்துப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில் சேர்த்து, நமக்குப் புரிய வேண்டும் என்று ஒருவர் வரைந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்தபோது அவர் கண்டதும் வெறும் காலி அறைகளைத்தான். நான் பிள்ளைகளிடம் சொன்னேன், நீங்கள் பார்த்ததை மட்டும் வரையுங்கள், புத்தகத்தில் இருந்து எடுத்துச் சேர்க்காதீர்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்த நோட்டுகளைத் திருத்தும்போது எனக்கே மனசு நிறைந்தது. நாற்பது படமும் நாற்பது மாதிரி. வழக்கமாகச் செல் படம் போடச் சொன்னால் நாற்பதும் ஒரே படம், கைடிலிருந்து இறங்கியது.

வெங்காயத்தோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டிலிருந்து, வழியிலிருந்து, கடையிலிருந்து எதை வேண்டுமானாலும் கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் கொண்டு வந்தது: மணவாளக்குறிச்சி கடற்கரை மண், புத்தளம் உப்பளத்து உப்பு, சாளைச் செதில், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கு, கேந்திப் பூ, தேரூர் குளத்துத் தண்ணீர், பாட்டி தலைமுடி, இரணியல் தறித் துணியின் ஓரத்து நூல், மாமா குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறார் என்று ஒரு சின்னக் குப்பியில் ரப்பர் பால். ரப்பர் பாலில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அதில் மிதக்கும் துகள்கள் இந்த லென்ஸுக்கு எட்டாத அளவுக்குச் சிறியவை, வெறும் கலங்கலாக இருந்தது. அதையும் அப்படியே வரைந்தாள் ஒருத்தி, வட்டம் போட்டு உள்ளே சாம்பல் நிறம், கீழே "ரப்பர் பால், தெரியவில்லை" என்று. முழு மதிப்பெண் போட்டேன்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உப்பளத்து உப்பு கல் கல்லாக இருக்கும், அப்படியே வைத்தால் இந்தக் கருவிக்குள் நுழையாது. தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, காயக் காயப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் சொட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வரும், அந்தப் புள்ளிக்கு மூலை முளைக்கும், மூலைகள் நேராகும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதுரமாகிவிடும். பக்கத்தில் இன்னொன்று. அதுவும் சதுரம். ஒரு பையன் கண்ணை எடுக்காமலே "டீச்சர், இத யாரு ஸ்கேல் வச்சுப் போடுதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். ஏன் சதுரம், ஏன் வட்டம் இல்லை, ஏன் எல்லாம் ஒரே வடிவம்? சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கி நிற்கிற ஒழுங்கை ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் போய்ப் படிப்பார்கள். கேள்வி ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் காய்ந்தால் என்ன வடிவம் வரும், சோடா உப்பு காய்ந்தால் என்ன வரும் என்று அடுத்த வாரம் அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொல்லவே இல்லை. சொல்லிக்கொடுத்துச் செய்தால் அது செய்முறை. அவர்களே ஆரம்பித்தால் அதற்கு வேறு மதிப்பு, பள்ளிக்கூடத்தில் படைப்பாற்றல் படைப்பாற்றல் என்று நாம் கூட்டத்தில் பேசுவது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மண் இன்னொரு கதை. இந்தக் கருவியில் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பொருளை ஊடுருவி நம் கண்ணுக்கு வர வேண்டும். மணவாளக்குறிச்சி மண்ணை ஒரு சிட்டிகை வைத்தால் கருப்பு மணிகள் வெறும் கருப்பாகவே நிற்கும், நடுவில் இளஞ்சிவப்பு மணிகள் மட்டும் ஒளிவிடும், சில கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், தெளிந்தது குவார்ட்ஸ் அல்லது சிர்க்கான். "கருப்புக்குள்ள வெளிச்சம் போகாதா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள், ஒளிபுகும் பொருள் ஒளிபுகாப் பொருள் என்று புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன பாடம் அங்கேயே திரும்ப வந்தது. மண்ணைத் தொட்டபின் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், வாயில் விரல் வைக்கிற வயசு. இந்த மண்ணில் மோனசைட் என்ற தாதுவும் கலந்திருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. சிட்டிகை போதும், சேர்த்து வைக்க வேண்டாம்.

அந்த மோனசைட் கதையைச் சமூக அறிவியல் எடுக்கும் சார்தான் வகுப்பில் சொன்னார். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் நம்ம பகுதியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து காஸ் விளக்குகளில் ஒளிரும் மேண்டில் என்ற வலைக்கு தோரியம் வேண்டும், அதற்காகக் கடல் தாண்டி வந்து மணவாளக்குறிச்சியிலேயே ஆலை வைத்தார். கயிறு வாங்கினவர்கள் எத்தனையோ பேர், அதில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுப் போனவர்கள் அத்தனை பேர், ஒருவர் மட்டும் அது என்ன மண் என்று பார்த்தார். சார் இதைச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுத்தார்: உங்கள் ஊர் மண்ணைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள். எழுதி வந்ததில் வேலை கிடைத்த கதையும் இருந்தது, மணல் எடுப்பதால் கரை என்ன ஆகும் என்கிற கவலையும் இருந்தது. இரண்டு பக்கமும் வகுப்பில் பேசினார்கள். நுண்ணோக்கியில் ஆரம்பித்தது ஊர்க்கதையில் போய் நின்றது, இதை எந்தப் பாடவேளையில் சேர்ப்பது என்று பதிவேட்டில் எழுதும்போது எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு தனி.

இங்கே தமிழய்யாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியை எங்கள் பள்ளியில் மிக நன்றாகப் பயன்படுத்தியவர் அவர்தான், நான் இல்லை. அவர் கண்டுபிடித்த விளையாட்டு இது. இரண்டு பேர். ஒருவர் பார்க்க வேண்டும், இன்னொருவர் பார்க்கக் கூடாது. பார்க்கிறவர் வாயால் சொல்லச் சொல்ல, பார்க்காதவர் வரைய வேண்டும். "அழகா இருக்கு", "சூப்பரா இருக்கு" இரண்டும் தடை. பொருளின் பெயரையும் சொல்லக் கூடாது. செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்கச் சொல் தேட ஆரம்பித்துவிடும். செம்பருத்தி மகரந்தத்தைப் பார்த்தவன் முதலில் "உருண்டை" என்றான், வரைந்தவள் கோலி போட்டாள். "முள்ளுமுள்ளா இருக்கு", சரி, முள் போட்டாள், பலாப்பழம் ஆகிவிட்டது. "முள்ளு நெருக்கமா இல்ல, தள்ளித் தள்ளி, நுனி மொழுக்கையா." அந்தக் கடைசி வரிக்குத் தமிழய்யா கை தட்டினார். உரைநடையில் வருணனை எழுது என்று தலைப்பு கொடுத்தால் "காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களை" என்று ஆரம்பிக்கிற அதே பிள்ளைகள் இவர்கள். "வீட்டுல பேசுத மாதிரி எழுதலாமா அய்யா?" என்று ஒருவன் கேட்டதற்கு, முதலில் அப்படியே எழுது, அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம் என்றார். அதனால்தான் எழுதினான்.

கணக்கு சாருக்கு முதலில் பெரிய ஈடுபாடு இல்லை. பிறகு அவரை உள்ளே இழுத்தது ஒரு தலைமுடி. மகரந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு முடியை வைத்துப் பார்த்தால் அளவுகோல் கிடைத்துவிடும், மனித முடியின் பருமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். ஒரு பையன் நோட்டில் முடியை 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்திருந்தான். முடி 0.08 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40ஐ 0.08ஆல் வகுக்க 500. கருவி 140 மடங்குதானே, படம் எப்படி 500 மடங்கு ஆனது? பிள்ளைகள் அன்றைக்கு முழுப் பீரியடும் இதற்குச் சண்டை போட்டார்கள். கருவி காட்டுவது ஒன்று, நாம் தாளில் வரைவது இன்னொன்று, இரண்டின் மடங்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். விகிதம், தசம வகுத்தல், அளவுப்படம் மூன்றும் ஒரே மூச்சில். மறுநாள் சார் என்னிடம் வந்து அந்த டப்பாவை ஆறாம் வகுப்புக்கும் கொடுங்கள் என்றார்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வகுப்பில் வாயே திறக்க மாட்டான், அப்பா கடலுக்குப் போகிறவர். சாளைச் செதிலை எல்லோரும் பார்த்து, அதில் வரி வரியாக வளையம் இருப்பதைக் கண்டு, மரத்தில் வருகிற வளையம் போலவா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குளிர்நாட்டு மீன்களில் அந்த வளையத்தை எண்ணி வயது சொல்லுவார்கள், நம்ம வெப்பக் கடல் மீன்களில் அவ்வளவு தெளிவாக இருக்காது என்று நான் சொல்லி முடித்தேன். அவன் எழுந்து, "சூரைக்கு உடம்பெல்லாம் செதில் கெடையாது டீச்சர், இங்க மட்டுந்தான்" என்று தன் தோள்பட்டைப் பக்கம் கையை வைத்துக் காட்டினான். உண்மைதான், சூரை மீனுக்கு முன்பக்கத்திலும், உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடுகிற பக்கக்கோட்டிலும் மட்டும்தான் செதில். எனக்கு அது படித்துத் தெரிந்தது, அவனுக்குக் கை பட்டுத் தெரிந்தது. அன்றிலிருந்து மீன் பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது அவனைத்தான். புத்தகத்தில் இல்லாத ஒன்றை வகுப்புக்குள் கொண்டு வந்து வைக்க ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும், அந்த இடத்தை ஓவிய வகுப்பு, கைத்தொழில் வகுப்பு என்று வாரத்துக்கு ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மற்றப் பாடங்களில் "வாயை மூடு, எழுதிக்கோ" என்றால் எந்தப் பிள்ளையும் எதையும் புதிதாக யோசிக்காது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி இதில் முடியாதவை, கவனிக்க வேண்டியவை. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமி தெரியுமா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். பாக்டீரியா பார்க்க 140 மடங்கு போதாது, வைரஸ் நினைத்தே பார்க்க வேண்டாம், அது சாதாரண ஒளி நுண்ணோக்கி எதற்குமே எட்டாது. முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. குளத்துத் தண்ணீரில் நீந்துகிறவை தெரியும், பாசி இழை தெரியும், மரச்சீனி மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலக்கருப்பு மணிகளாக ஸ்டார்ச் தெரியும், இவையே ஒரு வருஷத்துக்குப் போதும். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை, அங்கே கரையோரத்தில் ஒரு குப்பித் தண்ணீர் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பறவைகள் இருக்கிற பக்கம் பிள்ளைகளைக் கூட்டமாகக் கூட்டிப் போகாதீர்கள்.

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும், வெளிச்சம் குறைவாக இருக்கிறது என்று பிள்ளைகள் கருவியை நேரே சூரியன் பக்கம் திருப்பிவிடுவார்கள். வெள்ளைச் சுவர், வெளிறிய வானம், டியூப்லைட் போதும். நமக்கு ஜூன் ஜூலையில் ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை, அந்த இருட்டு நாட்களில் வகுப்பில் மின்விளக்கு இல்லை என்றால் கஷ்டம்தான், கைபேசி டார்ச்சின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சமாளிக்கலாம்.

கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும், அதனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மெட்ராஸ் ஐ பரவுகிற சமயத்தில் கைமாற்றிப் பார்க்கவே விடாதீர்கள். தெளிவுக்குக் கொண்டு வருவதற்கு விரல் நுனியால் மெல்ல நகர்த்த வேண்டும், இது கைவர நேரம் ஆகும், அவசரக்காரப் பிள்ளை முதலில் "ஒண்ணும் தெரியல" என்றுதான் சொல்லும். கண்ணாடி போட்ட பிள்ளைகள் கழற்றிவிட்டுப் பார்ப்பது எளிது. காந்தம், ஒட்டும் வட்டங்கள் மாதிரிக் குட்டிச் சாமான்கள் காற்றடிக்கிற வராந்தாவில் பறந்துபோகும், எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்து மடியுங்கள்.

கைபேசியோடு காந்தம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம், கேமராவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், படமும் பிடிக்கலாம். வசதிதான். இருந்தாலும் ஆரம்பத்தில் அதை எடுக்காதீர்கள் என்பேன். கைபேசி வந்த உடனே ஒருவர் பிடிக்கிறார், மற்றவர் எல்லாம் திரையைப் பார்க்கிறார்கள், வரைகிற கை நின்றுவிடுகிறது, பிடித்த படத்தைப் பார்த்து வரைந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. வெறும் கண்ணால் பார்த்து, மறந்து, திரும்பப் பார்த்து, அழித்து வரைகிற அந்தப் போராட்டத்தில்தான் பிள்ளை கவனிக்கப் பழகுகிறது. எல்லோரும் வரைந்து முடித்த பிறகு கைபேசியை எடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு, உலகம் முழுக்க இதை வைத்திருப்பவர்கள் தாங்கள் பார்த்ததை இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் இடமும் உண்டு, அங்கே போடுவதற்கு அந்தப் படம் பயன்படும்.

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இதனால மார்க்கு கூடுமா டீச்சர்?" கேட்பதில் தப்பே இல்லை, அவர்கள் பாடுபட்டுப் படிக்க வைக்கிறார்கள். நான் உறுதி கொடுப்பதில்லை. படம் வரைந்து பாகம் குறி என்றால் இந்தப் பிள்ளைகள் தயங்குவதில்லை, "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குச் சொந்த வாக்கியத்தில் நாலு வரி எழுதுகிறார்கள், இவ்வளவுதான் நான் கண்ணால் கண்டது, அதை அப்படியே சொல்லுகிறேன். பாடத்திட்டம் முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். முடியும், ஆனால் அறிவியல் பீரியடை மட்டும் நம்பினால் முடியாது. தமிழும் கணக்கும் சமூக அறிவியலும் கூட வந்தால் நேரம் பங்கிடப்படுகிறது, ஒரே மண்ணை நாலு பாடத்துக்குப் பயன்படுத்துவதால் மொத்தத்தில் நேரம் மிச்சம்தான். இந்த ஒத்துழைப்பு கிடைக்காத பள்ளியில் நீங்கள் மட்டும் தனியாகச் செய்வதாக இருந்தால் மாதத்துக்கு இரண்டு முறை போதும், அதை விடாமல் செய்யுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே பெரிய நுண்ணோக்கி இருந்தால் இது எதற்கு என்று தலைமையாசிரியர்கள் கேட்கலாம். தெளிவில் பெரியதற்கு இது ஈடாகாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெரியதை வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்க்கிறார்கள், திருகைத் தொட்டால் திட்டு விழும். இதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம், எடை 10 கிராமுக்கும் குறைவு, தம்பி தங்கைக்குக் காட்டலாம், மாட்டுத்தொட்டியில் பிடித்த பாசியைப் பார்க்கலாம். சனி ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை பிள்ளைகள் சொல்ல ஏதாவது வைத்திருப்பார்கள். இரண்டும் இருந்தால் ரொம்ப நல்லது, இதில் தேடி அதில் சரிபார்க்கலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது கருவியின் தரத்துக்காக இல்லை, சின்ன வகுப்புகளுக்கு இது ஒத்து வராது என்பதால். மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் இன்னும் பழகியிருக்காது, அவர்களுக்குச் சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் ஒரு எறும்புப் புற்றும் போதும். ஆறிலிருந்து தாராளமாகத் தொடங்கலாம்.

வாங்குகிறவர்கள் இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று இருந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, நாலு பேருக்கு ஒன்று என்றால் ஒருவன் பிடித்துக்கொண்டு தர மாட்டான். கூடவே ஒட்டும் டேப், சின்னக் கத்தரி, பஞ்சு, ஒரு குப்பி அயோடின், கோடு போடாத வெள்ளைத் தாள். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சம் அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள், நம்ம ஊர் ஈரத்தில் லென்ஸ் பக்கம் பூசணம் பிடிக்காமல் இருக்கும். செய்முறைத் தாள் எதுவும் அச்சடிக்க வேண்டாம். முதல் நாள் கரும்பலகையில் "நாளைக்கு வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று கொண்டு வா" என்று மட்டும் எழுதிப் போடுங்கள், மீன் கொண்டு வந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.